பக்கத்துக் கட்டிலின் தூக்கம்

எங்கள் கம்பெனியின் மூச்சு மெஷினைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் யாரும் வெகுநாள் வரை எங்களுக்குப் புகார் எழுதியதில்லை. எழுதியவர்கள் எல்லாரும் அவர்களுக்குப் பக்கத்தில் படுப்பவர்கள்.

தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்கிறவர்களுக்கான மெஷின் அது. ஒரு சின்னக் காற்றாடி, ஒரு குழாய், மூக்கில் பொருத்த ஒரு மாஸ்க். மூச்சை இழுக்கும்போது காற்றாடி வேகமெடுத்துக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும், விடும்போது அடங்கிவிடும். இதைச் செய்ய ஆரம்பித்தது என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா. ஆரம்பிக்கக் காரணம் அத்தான். கல்யாணமான புதிதில் அவர் குறட்டை தெருமுனை வரை கேட்குமாம். குறட்டைகூடப் பரவாயில்லை, நடுவில் திடீரென்று நின்றுபோகும், அதுதான் ஈரக்குலையை நடுங்க வைக்கும் என்பாள் அக்கா. தண்ணீர்ப் பம்பு செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், புருஷனுக்காக ஒரு காற்றுப் பம்பு செய்தாள். அது வேலை செய்தது. இன்று அதை நம்பிப் பதினோரு பேர் பிழைக்கிறோம்.

பம்பும் மோட்டாரும் அக்காவின் பாடு. பொருள் வாங்குவது, பேரம் பேசுவது அத்தான். கரண்டு சம்பந்தப்பட்டதெல்லாம் நான். புகார்களுக்குப் பதில் எழுதுவதும் நான்தான். அவற்றில் முக்கால்வாசி கரண்டைப் பற்றியவை என்பதால் அப்படி என் தலையில் விழுந்தது.

போன வருஷம் அந்தப் புகார்கள் திடீரென்று பெருகின. ஒரு அம்மாள் எழுதியிருந்தார்: “என் வீட்டுக்காரர் இப்போது குறட்டை விடுவதில்லை. அவருக்குப் பதிலாக உங்கள் பெட்டி விசிலடிக்கிறது. குறட்டையாவது பழகிப்போயிருந்தது.”

சுவரில் வரும் கரண்டை மெஷினுக்கு வேண்டிய இருபத்துநாலு வோல்ட்டாக மாற்றித் தரும் கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. அடாப்டர் என்று எல்லாரும் சொல்வது. அதை மட்டும் நாங்கள் வெளியில் வாங்கிக்கொண்டிருந்தோம். வழக்கமாக வாங்கிய மாடலை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்தது எல்லா அளவிலும் சரியாகத்தான் இருந்தது. விசிலடித்தது என்பது ஒன்றுதான் குறை.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது இதுதான். ஒரு குழாயை முழுதாகத் திற, முழுதாக மூடு, திற, மூடு என்று நொடிக்கு அறுபதாயிரம் தடவைக்கு மேல் செய்துகொண்டே இருந்தால், கீழே தொட்டியில் தண்ணீர் நாம் கேட்ட மட்டத்தில் நிற்கும். திறந்து மூடுவது ஸ்விட்ச், தொட்டிதான் கெப்பாசிட்டர். ஸ்விட்சிங் பவர் சப்ளை என்ற பெயரே அதனால் வந்தது. அறுபதாயிரம் தடவை என்றால் மனிதக் காதுக்கு எட்டாது. ஆனால் இந்தப் புதுப் பெட்டி, மெஷின் குறைந்த கரண்டு கேட்கும் நேரமெல்லாம், மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று வேலையை விட்டுவிட்டுச் செய்யும். அந்த விட்டுவிட்டு வரும் தட்டல் சரியாகக் காதில் வந்து விழும். மெஷின் போட்டவர் மூச்சை விடும்போதெல்லாம் ஒரு கீச்சு.

எங்கள் மெஷினை முதன்முதலில் மூக்கில் மாட்டிய மனிதர் அத்தான் என்பதால், அந்தக் கீச்சை முதலில் கேட்டதும் அக்காதான். தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனவள், நாலு மாதமாக அங்கே சோபாவில்தான் படுத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். அத்தானோ ரோஜாப்பூ மாதிரி எழுந்து வருவார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தூக்க வார்டிலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பேசிவிட்டு வந்த அக்கா, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்:

“பன்னெண்டு கட்டில். அத்தனைக்கும் நம்ம மெஷின் வேணுமாம். டாக்டரம்மா ஒரே ஒரு சோதனைதான் வைப்பாங்களாம். மெஷின் போட்டவர் ஒரு கட்டில்ல, சும்மா ஒருத்தர் பக்கத்துக் கட்டில்ல. நடுவுல சத்தம் அளக்கிற மீட்டர். ரெண்டு பேருமே தூங்கணும்.”

“பரவாயில்லையே, சுலபமாத்தானே இருக்கு” என்றார் அத்தான்.

“உங்களுக்குச் சுலபம். நீங்க இடி விழுந்தாலும் தூங்குவீங்க. பக்கத்துல படுக்கிறவ கதி?”

நான் வாயைத் திறந்தேன். “அக்கா, அந்த அடாப்டரை நாமே செய்வோம்.”

டீ குடித்துக்கொண்டிருந்த அத்தானுக்குப் புரையேறிவிட்டது. “ஏம்மா கொழுந்தியா, ஸ்விட்ச் போர்டுல பியூஸ் போட்டாலே உங்கக்கா ரெண்டு தடவை வந்து பாப்பா. நீ பவர் சப்ளையே செய்யப்போறியா?”

“படிச்சது அதைத்தானே அத்தான். இத்தனை நாளா வெளியில வாங்கினதை ரிப்பேர் பண்ணிப் பண்ணி, எங்கெங்கே கோட்டை விடுறாங்கன்னு எனக்கு மனப்பாடம்.”

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “செய். ஆனா ஒண்ணு. இந்தச் சோதனையில தோத்தோம்னா, இனிமே நாம எதையும் செய்யப்போறதில்லை. வேற கம்பெனி மெஷினை வாங்கி விக்கிற கடையா மாத்திடறேன். எனக்கு உடம்புல தெம்பு இல்லடி. வாசல்ல போர்டு மாத்தறது ஒரு நாள் வேலை.”

அக்கா விளையாட்டுக்குச் சொன்னால் கடைசியில் சிரித்துவிடுவாள். அன்று சிரிக்கவில்லை.

எந்த வேலையையும் வரிசைப்படி செய்வது என் சுபாவம். முதலில் பெட்டிக்கு என்ன வரும், என்ன போக வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். அடுத்து, மூக்கில் மாஸ்க்கோடு படுத்திருப்பவரை நினைத்துக்கொண்டேன். சுவர்க் கரண்டு அவர் பக்கம் துளிகூடக் கசியக் கூடாது. அதற்கு வேண்டிய இடைவெளியைச் சர்க்யூட் பலகையில் முதலிலேயே கோடு போட்டு ஒதுக்கினேன். மீதி எல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்புறம்தான். பிறகு, மெஷின் எவ்வளவு குறைவாகக் கரண்டு கேட்டாலும் காதுக்கு எட்டும் வேகத்துக்கு இறங்கவே இறங்காத கட்டுப்பாட்டுச் சிப் ஒன்றைத் தேடினேன். கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. விசிலின் பாதி வேர் அன்றே அறுந்தது.

அத்தானிடம் பொருள் பட்டியலைக் கொடுத்தால் சண்டை இல்லாமல் நகராது. பட்டறையில் எல்லாரும் அவரை ‘மலிவு மாமா’ என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழும்படியாகவே.

“இந்த ஸ்விட்ச்சு எண்ணூறு வோல்ட்டு தாங்கணும்னு போட்டிருக்கியே, எதுக்கு? சுவர்ல வர்றதுக்கு அறுநூறே தாராளம்னு கடைக்காரன் சொல்றான். விலையும் பாதி.”

“சுவர்ல வர்றது மட்டும் இல்ல அத்தான். ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் கரண்டை நிறுத்தும்போதும் டிரான்ஸ்பார்மர் திரும்பி ஒரு உதை உதைக்கும். அதையும் சேர்த்துத் தாங்கணும்.”

“எதிர்பார்க்காத நேரத்துல உதையா? உங்கக்கா மாதிரின்னு சொல்லு. அப்ப எண்ணூறே வாங்கிடறேன்.”

டிரான்ஸ்பார்மர் சுற்றியது கம்பியம்மா. எங்கள் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவர் என்பதால் அந்தப் பெயர். கம்பிச் சுற்றுக்குள் உட்காரும் ஃபெரைட் என்ற காந்தக்கல் துண்டுகள் இரண்டையும் ஒட்டும்போது நடுவில் நூலளவு இடைவெளி விட வேண்டும் என்று சொன்னதும் முறைத்தார்.

“இடைவெளி விட்டா ஆடும். ஆடினா சத்தம் போடும். சத்தமே வரக்கூடாதுங்கிறே, இடைவெளியும் விடுங்கிறே. கட்டிலும் வேணும், கால் நீட்டவும் கூடாதுங்கிற கதையா இருக்கே?”

“சக்தி தங்குறதே அந்த இடைவெளியிலதான் கம்பியம்மா. அது இல்லேன்னா ஃபெரைட் சூடாகி மூச்சு முட்டிப் போயிடும். இடைவெளி இருக்கட்டும், ஆடாம நீங்க பாத்துக்குங்க.”

அவர் பார்த்துக்கொண்டார். வார்னிஷில் முக்கி, சூட்டில் காயவைத்து, நகத்தால் தட்டிப் பார்த்து, மறுபடியும் முக்கி என்று அவர் கொண்டுவந்து வைத்த டிரான்ஸ்பார்மர் கருங்கல் மாதிரி இருந்தது.

கடைசியாக வெளிப்பக்கத்துக் கெப்பாசிட்டர். தொட்டி என்றேனே, அது. எல்லாரும் போடுகிற சாதாரண ரகத்தையே தேர்ந்தெடுத்து, மேஜைமேல் முதல் மாதிரியை ஒட்டி முடித்தேன். மட்டத்தை அளந்து திருத்திக்கொண்டே இருக்கும் பகுதி ஒன்று உண்டு. அதிலுள்ள இரண்டு சின்னப் பொருள்களை அந்தக் கெப்பாசிட்டருக்கு ஏற்றபடி கணக்குப் போட்டு வைத்தேன். பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, எங்கள் வழக்கப்படி, ‘இது, அல்லது இதைவிட நல்லது’ என்று எழுதி அத்தானிடம் கொடுத்தேன்.

முதல் மாதிரியை அக்கா காதோடு வைத்துக் கேட்டாள். முதுகுப் பக்கம் திருப்பி மறுபடி கேட்டாள். “செத்துப்போச்சா?” என்றாள். பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே நான் இன்னும் பத்து பவர் சப்ளை செய்வேன்.

சோதனைக்குப் போக வேண்டிய ஐந்து பெட்டிகளும் அதற்கடுத்த வாரம் தயாராயின. பலகைகள் ஒட்டி வந்தபோதே பார்த்தேன்: கெப்பாசிட்டர்கள் என் மேஜைமேல் இருந்த நீலச் சட்டைக்காரர்கள் அல்ல. வெள்ளி டம்ளர் போல் பளபளவென்று, குட்டையாக, பாலிமர் ரகம். அட, மலிவு மாமா நல்ல சரக்கு வாங்கியிருக்கிறாரே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே மூடியை மாட்டினேன். சூடாகாது, சீக்கிரம் காய்ந்துபோகாது. எந்த வகையில் பார்த்தாலும் மேல்.

முதல் பெட்டியை மெஷினில் செருகி, அத்தானை மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் மூச்சை இழுத்தார்.

கீச்.

விட்டார். சத்தம் இல்லை. இழுத்தார். கீச். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி. ஐந்தும் ஒரே ராகம். பழைய பெட்டி மூச்சு விடும்போது விசிலடித்தது. என்னுடையது மூச்சு இழுக்கும்போது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலாம். “சரி விடு, முயற்சி பண்ணினே” என்றாள். போன தடவை அவள் அப்படி அன்பாகப் பேசியது, பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று. போகிற போக்கில் வாசல் போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். சோதனைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

சத்தம் டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் வந்தது. மரக்குச்சியால் அழுத்தினால் அடங்கும், எடுத்தால் கீச்சிடும். கம்பியம்மாவைக் கூப்பிட்டேன். வந்தவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“என் சுற்றுல குறை சொல்லாதே. மேஜைமேல இருக்கிறதும் என் கையால சுற்றினதுதான். அது ஊமையா இருக்கு, இது மட்டும் ஏன் கத்துது? யாரோ கிள்ளுறாங்க, அது கத்துது. கிள்ளுறது யாருன்னு பாரு.”

சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கரண்டைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை வெளிப்பக்கத்தில் மாட்டினேன். அத்தான் மூச்சை இழுத்தார், காற்றாடி வேகமெடுத்தது, இருபத்துநாலு வோல்ட்டின் நேர்கோடு ஒரு நொடி குழிந்து மேலே வந்தது. வந்து நிற்க வேண்டியதுதானே? நிற்கவில்லை. மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், அலையலையாக ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தின் வேகம்தான் எங்கள் காதில் கீச்சாக விழுந்தது. திருத்துகிற பகுதி, திருத்துகிறேன் என்று அளவுக்கு மீறித் திருத்தி, அதைத் திருத்த மறுபடி திருத்தி, தன்னைத்தானே துரத்திக்கொண்டிருந்தது.

மேஜைமேல் இருந்த மாதிரியையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் ஒன்று. வித்தியாசம் ஒன்றே ஒன்று: பளபளவென்ற அந்த வெள்ளி டம்ளர்கள்.

நல்ல பொருள் எப்படிக் கெடுக்கும் என்று மனம் ஒப்பவில்லை. ஆனால் சந்தேகத்தைக் கேட்டுப் பார்க்க ஒரு வழி இருந்தது. “கம்பியம்மா, மெல்லிசுக் கம்பி அரைச் சாண் குடுங்க.”

கெப்பாசிட்டரின் ஒரு காலை எடுத்துவிட்டு, அந்த மெல்லிய செப்புக் கம்பி வழியாகச் சுற்றிவந்து மறுபடி ஒட்டினேன். நல்ல கெப்பாசிட்டரைக் கொஞ்சம் மட்டமாக்கினேன், அவ்வளவுதான்.

“அத்தான், இழுங்க.”

இழுத்தார். சத்தம் இல்லை.

“இழுக்கிறீங்களா இல்லையா?”

மாஸ்க்கை நகர்த்திவிட்டு, “ஏன்மா, நுரையீரல் வாய்வரைக்கும் வந்தாச்சு, இன்னும் எவ்வளவு இழுக்கிறது?” என்றார்.

ஸ்கோப்பில் கோடு குழிந்தது, எழுந்தது, நின்றது. கம்பியம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். “என் கம்பி இல்லாம இந்தக் கம்பெனில எதுவும் நடக்காது” என்று சொல்லிவிட்டு அப்போதுதான் சாப்பிடப் போனார்.

அத்தான் முகம் மட்டும் சிறுத்துப்போயிருந்தது. “அந்தக் கெப்பாசிட்டர்தான் காரணமா?”

“ஆமா அத்தான்.”

“நான்தான் மாத்தி வாங்கினேன். எல்லாரும் மலிவு மாமா, மலிவு மாமாங்கிறாங்க. நீ முதன்முதலா ஒண்ணு செய்றே. உன் பெட்டியிலயாவது ஒரு பொருள் உசத்தியா இருக்கட்டும்னு, கடையில இருந்ததுலயே நல்லதா கேட்டு வாங்கினேன். நீதானே எழுதியிருந்தே, இதைவிட நல்லதுன்னு?”

எழுதியிருந்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வெள்ளி டம்ளர்களைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேனே.

அவருக்குப் புரியவைக்க ஸ்டோர் அறைக் கதவைக் காட்டினேன். அதன் கீல் துருப்பிடித்துக் கொஞ்சம் கனமாக இருக்கும். காற்றடித்தால் ஒரு முறை அசைந்து நின்றுவிடும். அதற்கு எதிரே போன மாதம் புதிதாகப் போட்ட கதவு. கீலில் எண்ணெய் வழியும். சின்னக் காற்றுக்கும் டப் டப்பென்று அடித்துக்கொள்ளும். “சாதாரண கெப்பாசிட்டருக்குள்ள அந்தத் துரு மாதிரி கொஞ்சம் தடை உண்டு. நான் போட்ட கணக்கு அந்தத் தடையை நம்பிப் போட்டது. நீங்க வாங்கினதுல அது இல்ல. அதான் ஆட்டம் நிக்கல.”

“அப்ப என்னோடது கெட்ட கெப்பாசிட்டரா?”

“கெட்டதா? இதை நான் படுக்கையில வச்சுத் தாலாட்டணும் அத்தான். கணக்குதான் பழசு.”

அக்கா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சட்டென்று முடிவெடுத்தாள்: “பழசையே போடு. மேஜைமேல நல்லாத்தானே இருந்துது? தெரிஞ்ச வழியிலயே போ.”

அதுதான் பத்திரமான வழி. அத்தானும் தலையாட்டினார். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். எத்தனை புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்! பாதிப் பேர் அடாப்டரைப் போர்வைக்கடியில் போடுகிறார்கள். சிலர் தலையணைக்கு அடியிலேயே வைக்கிறார்கள். சாதாரண கெப்பாசிட்டர் அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். காய்ந்தால் அதன் குணம் மாறும். நாலைந்து வருஷத்தில் எந்தக் கீச்சு திரும்பி வருமோ. அத்தானின் வெள்ளி டம்ளர்கள் காயாது.

“இல்லக்கா. இதே கெப்பாசிட்டர்தான். கணக்கை மாத்தறேன். ரெண்டே ரெண்டு பொருள், அரிசில பாதி இருக்கும். மாத்தினா இந்தப் பெட்டி நீ மறந்துபோற வரைக்கும் ஓடும்.”

“மூணு நாள்ல?”

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள.”

“வேண்டாம்னா கேப்பியா?”

“கேப்பேன். ஆனா அப்புறம் வர்ற புகாருக்கெல்லாம் நீ பதில் எழுது.”

அக்கா ‘செய்’ என்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு எழுதுவது என்றால் ஜுரம் வரும்.

மறுநாள் காலையிலிருந்து கணக்கு. தொட்டி குணம் மாறிவிட்டது. எனவே திருத்துகிற கை கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், அதே சமயம் சரியான இடத்தில் ஒரு முன்தள்ளல் வேண்டும். கெப்பாசிட்டர் தன் தடையால் இலவசமாகக் கொடுத்துவந்த நிதானத்தை இப்போது நானே வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. காகிதத்தில் வந்த மதிப்புகளைப் போட்டேன். கீச்சு தேய்ந்து முனகலாக மாறியது. ஒரு படி மாற்றினேன், முனகலும் போயிற்று. இன்னொரு படி மாற்றினேன். காற்றாடி வேகமெடுக்கும்போது கோடு தேவைக்கு மேல் குழிந்தது. ஒரு படி பின்னால் வந்தேன். அங்கே நின்றது.

பிறகுதான் உண்மையான சோதனை. அத்தானைப் பெஞ்சில் படுக்கவைத்து மாஸ்க் மாட்டிவிட்டு, பட்டறை முழுவதும் சுற்றி நின்றுகொண்டது.

“மெதுவா மூச்சு விடுங்க.” நேர்கோடு.

“வேகமா.” நேர்கோடு.

“தும்முங்க அத்தான்.”

“தும்மல் என்ன குழாயில வருதா, திறந்தவுடனே கொட்ட?”

கம்பியம்மா நூல்திரி ஒன்றை அவர் மூக்கருகில் மாஸ்க்குக்குள் விட்டார். பட்டறையே அதிரும்படி ஒரு தும்மல். கோடு குழிந்தது, எழுந்தது, நின்றது. “இப்ப சிரிங்க” என்றேன். “எதுக்குச் சிரிக்கணும்?” என்றவரிடம் கம்பியம்மா, “மலிவு மாமா இன்னிக்கு விலை கேக்காம ஒரு பொருள் வாங்கினாராம்” என்றார். கூட்டமே சிரித்தது; அத்தானும் சிரித்துவிட்டார். கோடு கவலையே படவில்லை. ஐந்து பெட்டிகளிலும் அந்த இரண்டு பொருள்களை மாற்றி, அடுத்த நாள் முழுக்க இரட்டைப் போர்வைக்கடியில் ஓடவிட்டேன். சாயங்காலம் போர்வையை எடுத்துத் தொட்டுப் பார்த்தால், டீ ஆறிப்போன டம்ளர் அளவுக்குத்தான் சூடு.

தூக்க வார்டின் சோதனை அறை பகல் வெளிச்சம் புகாதபடி திரை போட்டு, மெத்தென்ற சுவர்களோடு இருந்தது. இரண்டு கட்டில், நடுவில் ஒரு முக்காலி. முக்காலிமேல் என் பெட்டி. அதற்கு அருகில் சத்தம் அளக்கும் மீட்டர். டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ஒரு கட்டிலை அத்தானுக்குக் காட்டினார். “இன்னொரு கட்டில்ல யாரு?”

“எங்க ஆள் யாராவது...” என்று ஆரம்பித்தாள் அக்கா.

“விசில் கேட்டுத் தூக்கம் கெட்டவங்க யாராவது இருந்தா நல்லது. சத்தத்தைத் தேடிப் பிடிக்கிற காது அவங்களுக்குத்தான் இருக்கும்.”

நானும் அத்தானும் ஒரே நேரத்தில் அக்காவைப் பார்த்தோம்.

“நானா? நான் இந்த மாதிரி நேரத்துல தூங்குவேனா? நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சிக்குது” என்று முணுமுணுத்துக்கொண்டே, டாக்டரம்மா கைநீட்டியதும் செல்போனைக் கொடுத்துவிட்டுப் படுத்தாள்.

டாக்டரம்மாவும் நானும் கண்ணாடிக்கு வெளியே வந்து உட்கார்ந்தோம். அவர் முன்னால் ஒரு சின்னத் திரை. மீட்டரின் எண் அதில் தெரிந்தது. சற்று நேரத்தில் அத்தான் வழக்கம்போல் கவிழ்ந்துவிட்டார். எண் அசையவில்லை. டாக்டரம்மா எழுந்து உள்ளே போய், பெட்டியின் ஒயரைத் தொட்டுப் பார்த்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

“ஓடுதுல்ல?”

“ஓடுது டாக்டர்.”

“வெறும் அறையில என்ன எண் வந்துதோ அதேதான் இப்பவும் வருது” என்றார். குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் ஈரம்.

அப்போதுதான் எண் ஏறியது.

ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. மூச்சுக்கு மூச்சு. எது? போர்வைக்கடியில் நாள் முழுக்க ஓடிய பெட்டி. தும்மலுக்கும் சிரிப்புக்கும் அசையாத பெட்டி. வரும் வழியில் ஆட்டோவில் குலுங்கி ஏதாவது கழன்றிருக்குமோ? கம்பியம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? போர்டு மாற்றுவது ஒரு நாள் வேலை என்ற குரல் காதில் கேட்டது.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். மேஜைமேல் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். அறைக்குள்ளிருக்கும் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.

கொர்ர்ர்.

கீச்சு இல்லை. விசில் இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும், நாலு மாதப் பாக்கியை ஒரே மூச்சில் தீர்த்துக்கொள்ளும், அசல் குறட்டை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தான் மாஸ்க்கோடு சாதுவாக மல்லாந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் அக்கா, ஒரு கை தொங்க, வாய் திறந்து, உலகத்தையே மறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுந்து கதவைத் திறக்கப் போனேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்தார்.

“எழுப்பாதீங்க. இதைவிட நல்ல ரிசல்ட் எனக்கு எவனும் எழுதித் தர முடியாது.” சற்று நேரம் அந்தக் குறட்டையைத் தொழில் முறையில் காது கொடுத்துக் கேட்டார். “பன்னெண்டு மெஷின். எல்லாம் இதே அடாப்டரோட. அப்புறம், பதிமூணாவதா ஒண்ணு உங்க அக்காவுக்குச் செஞ்சு வச்சுக்குங்க. தேவைப்படும் போலிருக்கு.”

சோதனை முடிந்து எழுந்த அத்தானிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. “இவளா? குறட்டையா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே!”

“எப்படிக் கேப்பீங்க? எனக்கு முன்னாடி தூங்கிடுவீங்க, எனக்கப்புறம் எழுந்திருப்பீங்க” என்றாள் அக்கா, கண்ணைக் கசக்கிக்கொண்டே. பிறகு என் பக்கம் திரும்பி, கன்னத்தில் செல்லமாக ஒரு இடி இடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “போய் அந்தப் போர்டைத் துடைச்சு வைக்கச் சொல்லுடி. தூசி அடைஞ்சு கிடக்கு.”

பட்டறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக என் பட்டியலை எடுத்து, கெப்பாசிட்டருக்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டு, ‘இதுவே. மாற்றுவதானால் கொழுந்தியாளைக் கேட்கவும்’ என்று எழுதினேன். அத்தான் அதைப் படித்துவிட்டு, கடைக்காரரிடம் அப்படியே நீட்டினாராம். அன்றிலிருந்து கடையில் எனக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது.

அக்கா அன்றைக்கே தலையணையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குத் திரும்பினாள். ஒரு வாரம் கழித்து என் மேஜையில் ஒரு புகார் இருந்தது. கையெழுத்து அத்தானுடையது.

“உங்கள் புதிய அடாப்டரில் எந்தச் சத்தமும் இல்லை. அதனால் பக்கத்தில் படுப்பவரின் குறட்டை மிகத் தெளிவாகக் கேட்கிறது. இடையில் விழித்துக்கொள்கிறேன். தக்க நடவடிக்கை எடுக்கவும்.”

மெஷின் போட்டுக்கொண்டு தூங்குகிறவரிடமிருந்து எங்களுக்கு வந்த முதல் புகார் அது. வழக்கம்போல் அன்றே பதில் எழுதினேன்: தங்கள் புகார் கிடைத்தது, பதிமூன்றாவது மெஷின் தயாராகிக்கொண்டிருக்கிறது, அதற்கான கெப்பாசிட்டரைத் தாங்களே வாங்கி வரவும்.